பர்ஸானா இல்லாத வீட்டில் பஸ்லான்

மகள் பள்ளிக்கூடம் போய்க் கொஞ்ச நேரத்துக்குள் அது நடந்துவிட்டது. பர்ஸானா பின்வாசல் படியில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்துநாலு வயது. தடிமன் காய்ச்சலுக்குக்கூட மருந்தெடுக்கப் போகாத உடம்பு. தலை குத்துகிறது, ஒரு பெனடோல் எடுத்துத் தாருங்கள் என்று கணவனிடம் கேட்டாள். பஸ்லான் உள்ளே போகத் திரும்பியபோது மதிலில் ஒரு பூனை வந்து குந்தியிருந்தது.

"அந்தப் பூனையத் தொரத்திட்டுப் போங்க" என்றாள்.

அவன் பூனையை விரட்டினான். அறைக்குள் போய் மாத்திரையைத் தேடி எடுத்து, ஒரு கிளாஸில் தண்ணீரும் வார்த்துக்கொண்டு வந்தான். பர்ஸானா சுவரோடு சாய்ந்திருந்தாள். பாதி வெட்டிய மீன் கையில் இருந்தது. கண்ணயர்ந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வெகுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார். பஸ்லான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து, ஓடி வந்து நின்ற மச்சினி றஸீனாவிடம், "மௌத்தாம்" என்று சொன்னான். பக்கத்துத் தெருவில் யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

அன்று எல்லாக் காரியத்தையும் அவனே பார்த்தான். மரண விசாரணை அதிகாரி கேட்டவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொன்னான். பள்ளிவாசலுக்கு அறிவித்தான். ஏறாவூரில் இருந்த சகோதரிக்குக் கோல் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் இருந்து மகள் அஸ்மியாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினான். குளிப்பாட்டுகிற பெண்களுக்குத் தண்ணீர் போதுமா என்றுகூட விசாரித்தான். மையவாடியில் கபுறுக்குள் இறங்கி மனைவியைக் கிடத்தியதும் அவன்தான். பஸ்லான் நல்ல ஸபூரான, பொறுமையுள்ள ஆள் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் கலிமா சொன்னாவா என்று பெண்கள் உள்ளேயிருந்து கேட்டு அனுப்பினார்கள். அவன் ஓம் என்று தலையை ஆட்டினான்.

மையவாடியில் இருந்து திரும்பியவன் தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டான். ஸலாம் சொல்லிவிட்டு, யாராவது உள்ளே கூப்பிடும்வரை நின்றான். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

பஸ்லான் ஏறாவூரில் பிறந்தவன். வாழைச்சேனைத் துறைமுகத்தில் போட் இஞ்சின் திருத்துகிற வேலை. அவனுடைய உம்மா இருந்த வீடு மூத்த சகோதரி ஷாகிரா ராத்தாவுக்குச் சீதனமாகப் போனது. இங்கே ஓட்டமாவடியில் பர்ஸானாவின் வாப்பா, தான் மௌத்தாவதற்கு முன்னர், தன் வளவுக்குள்ளேயே மூத்த மகளுக்கு ஒரு வீடு கட்டி அவள் பெயரில் எழுதி வைத்திருந்தார். கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தவன் பஸ்லான். பின்னால் சமையலுக்குக் குசினி இறக்கியது, நிலத்துக்கு மாபிள் போட்டது எல்லாம் அவன் உழைப்பு. பக்கத்து வீட்டில் பர்ஸானாவின் உம்மா ஸஹீதா மாமியும் தங்கை றஸீனாவும் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் இடையில் வேலி கிடையாது.

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு றஸீனாதான் முதலில் கவனித்தாள். மச்சான் தன்னுடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முன்னர், கொஞ்சம் தண்ணீர் எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டான். செருப்பை உள்ளே வைக்காமல் வெளியே, வந்து போகிறவர்கள் கழற்றுகிற இடத்தில் வைத்தான். கட்டில் கிடக்க, முன்னறையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி தூங்கினான். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான். வைக்காவிட்டால் கேட்கவில்லை. தனக்குப் பசிக்கிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

துறைமுகத்துக்குப் போனான். ஒரு இஞ்சினைக் கழற்றி, அதன் பிளக்கைத் துடைக்கத் தொடங்கினான். போட்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோதும் அதே பிளக்கைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் தோளில் கைவைத்து, வீட்டுக்குப் போய் இரு என்று சொன்னார். எந்த வீட்டைச் சொல்கிறார் என்று பஸ்லான் யோசித்தான். பர்ஸானா கூட்டி வந்த வீடு அது. அவளே இல்லாதபோது தான் அங்கே என்ன உரிமையில் இருப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒருவரும் அவனைப் போகச் சொல்லவில்லை. ஆனால் மாமி அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் வருகிற சத்தம் கேட்டால் எழும்பி உள்ளறைக்குப் போய்விடுவாள். அதுதான் பதில் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஒரு நாள் காலை இரண்டு சேர்ட்டையும் ஒரு சாரனையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். எப்போது வருவீர்கள் என்று அஸ்மியா கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. வேலை முடிய வருவேன் என்றான். எந்த வேலை என்று அவளும் கேட்கவில்லை. பஸ் ஏறி ஏறாவூருக்குப் போய்விட்டான்.

ஷாகிரா ராத்தா அழுது, அணைத்து, அறை ஒதுக்கிக் கொடுத்தாள். அந்த அறையில் இருந்த அவளுடைய மகளின் புத்தகங்களும் மேசையும் ஹோலுக்குப் போயின. அதைப் பார்த்துக்கொண்டே அவன் கட்டிலில் சரிந்தான். பகலிலும் தூங்கினான். எழும்பினால், தான் எங்கே இருக்கிறேன் என்று பிடிபட நேரமாகும். பிடிபட்டவுடன் பர்ஸானா இல்லை என்பதும் புதிதாகத் தெரியும். ஒவ்வொரு தரமும் புதிதாகத்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை முற்பகல் மாமி ஸஹீதா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகள் போன பிறகு அவள் தெருவில் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஷாகிரா கொண்டுவந்த தேத்தண்ணியைத் தொடவில்லை. பஸ்லானுக்கு எதிரே இருந்து, முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"என்ட புள்ள கடைசியா என்ன செல்லின?"

கலிமா என்று சொல்ல அவன் வாயெடுத்தான். வரவில்லை.

"பூனையத் தொரத்தச் செல்லின மாமி."

 எந்தப் பூனை என்று மாமி கேட்டாள். பின்வீட்டுக் கறுப்பன் என்றான். "அவனா" என்றாள் ஸஹீதா. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஷாகிரா குசினியில் இருந்து ஓடி வந்தாள். அதற்குள் பஸ்லானுக்கும் வந்துவிட்டது. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, சின்னப் பிள்ளைபோல அழுதான். ராத்தா முதுகைத் தடவத் தடவ அது அடங்கவில்லை.

அவன் ஓயும்வரை மாமி காத்திருந்தாள்.

"கலிமா எண்டு செல்லினத நான் நம்பல்ல. மீன் வெட்டிட்டு இருந்த புள்ள மௌத்தப் பத்தி ஏன் நினைக்கப் போறா. பயப்படாமப் போயிட்டா. அதுக்கு அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு, "ஒங்கட முகத்தப் பாத்தா பக்கத்தில அவ நிக்கிற மாதிரி இரிக்கி. அதாலதான் நான் பாக்கல்ல. வீட்ட உட்டுப் போகச் செல்லி ஆரு சென்ன?"

"ஒருத்தரும் செல்லல்ல. அது பர்ஸானாட வீடு."

"ஓம். இப்ப அவட மகள்ர வீடு. மகள்ர வாப்பா வேற எங்க இரிக்கிற?"

அன்று பின்னேர பஸ்ஸில் இருவரும் திரும்பினார்கள்.  அஸ்மியா அவனைக் கண்டதும் ஓடி வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு பல நாட்கள் அவனோடு அவள் அவ்வளவாகக் கதைக்கவில்லை, ஆனால் அவனைக் கண்ணில் இருந்து விடவுமில்லை. அவன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "வாப்பா?" என்பாள். "ஓம் மகள்" என்று உள்ளிருந்து சொல்வான். தண்ணீர் ஊற்ற ஊற்ற இரண்டு மூன்று தரம் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு அவன் பழையபடி வேலைக்குப் போனான். எப்போதிலிருந்து கேட்காமல் தண்ணீர் எடுத்துக் குடிக்கத் தொடங்கினான் என்று றஸீனாவுக்கு ஞாபகமில்லை. மாமி பின்னேரங்களில் வந்து குசினிப் படியில் இருப்பாள். பர்ஸானாவைப் பற்றி ஏதாவது ஒன்றை, பெரும்பாலும் அவளுடைய பிடிவாதத்தைப் பற்றி, சொல்லிவிட்டுப் போவாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு சட்டியைக் கழுவுவான்.

அடுத்த வருடம் றஸீனாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை பொலன்னறுவைப் பக்கம். வாப்பா இல்லாத வீட்டில் ஆண்பிள்ளைப் பொறுப்பு முழுதும் பஸ்லானுடையது. பந்தல், சாப்பாடு, மௌலவி எல்லாவற்றுக்கும் அவன்தான் ஓடினான். மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியபோது புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து வரவேற்றான். அவர்களில் ஒருவர், வீட்டு நிலவரம் தெரியாத மனிதர், அவன் கையை விடாமல், "எங்க, ஒங்கட வீட்டாக்களக் காணல்ல?" என்று அவன் மனைவியை விசாரித்துச் சிரித்தார்.

"உள்ளுக்கு இரிக்கா" என்றான் பஸ்லான்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. திருத்தவில்லை. அந்த மனிதர் நகர்ந்து போனார்.  பஸ்லான் பந்தலைச் சுற்றி வீட்டின் பின்பக்கம் போய், சோறு இறக்குகிறவர்களின் அடுப்புப் புகைக்குள் நின்றான். மருத்துவமனை வாசலில் "மௌத்தாம்" என்று சொன்னபோது வராத கண்ணீர் இப்போது வந்திருந்தது. ஒருவரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. புகைதான் கண்ணைக் கரிக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

முன்னால் இருந்து, சாப்பாட்டுச் சஹன் வைக்கலாமா என்று யாரோ கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு, வைக்கலாம் என்று சொல்லியபடி பந்தலுக்குள் போனான்.