ரைலிக்கு வேண்டிய குளவி

குவோப்பியோ நகரில் பேருந்து ஓட்டும் ரைலிக்கு அந்துப்பூச்சி வளர்ப்பதில் கொள்ளை ஆசை. புழுக்களைப் பிடித்து வந்து டப்பாக்களில் வைத்து வளர்ப்பாள். பூச்சிக்குப் பதிலாக, புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்த குளவி வெளிவந்தால் திட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகத் துரத்திவிடுவாள். போன கோடையில் வந்த ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கவே, அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாள்.

"புது இனம் மாதிரிதான் தெரியுது. ஆனா ஒண்ணே ஒண்ணை வச்சு நான் பேர் வைக்க மாட்டேன், ரைலி. இன்னும் கொண்டாங்க" என்றார் ஆய்வாளர் இல்மாரி.

இந்தக் கோடையில் அதே வகைப் புழுக்களைத் தேடிப் பொறுக்கி வந்தாள். முதல் டப்பாவில் பளபளவென்று அந்துப்பூச்சி.

"அடச்சே!"

"போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு பொறந்ததுக்குக் கேக் வாங்கிட்டு வந்தவ நீதானேடி?" என்று சிரித்தான் கணவன் ஓலவி.

மறுவாரம் இரண்டு டப்பாக்களில் ஆணும் பெண்ணுமாய்க் குளவிகள் ஊர்ந்தன. ரைலி போட்ட கூச்சலில் ஓலவி காப்பியைக் கொட்டிவிட்டான்.

இப்போது ரைலி வாரநாட்களில் பேருந்து ஓட்டுகிறாள். சனிக்கிழமைகளில் இல்மாரியோடு உட்கார்ந்து அந்தப் புது இனத்தின் விவரங்களை எழுதுகிறாள்.