உபதேசியார் சின்னையாவின் எபிரெயச் சொல்

மலாயாவில் பத்து காஜா என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் உபதேசியாராக இருந்த சின்னையாவுக்கு எபிரெய மொழியில் ஒரே ஒரு சொல் தெரியும். 1926இல் ஈப்போவுக்குப் போனபோது ஒரு பாதிரியாரிடம் கேட்டு வந்தது. ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை ஆட்டம் போட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் பால்மரம் சீவியாக வேண்டும் என்பதால் தோட்டத்தில் ஜெபம் பிற்பகலில்தான். ஈப்போவிலிருந்து திரும்பிய வார ஜெபத்தில் சின்னையா கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார்: “எபிரெயத்துல ‘ஓர்’னா வெளிச்சம். விளக்கு இல்ல, வெளிச்சம்! கர்த்தர் அதை முதல் நாளே உண்டாக்கிட்டாரு. சூரியன் நாலாம் நாள்தான் வந்துச்சு. அப்ப வெளிச்சத்துக்குச் சூரியன் எதுக்கு?”

களைத்துப்போன ஜனங்களில் பாதிப் பேர் உறங்கிவிட்டார்கள். பெரிய கங்காணி உடையப்பன் உறங்கவில்லை. மறுநாளே, ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டை ஐந்து மணியிலிருந்து நாலு மணிக்கு மாற்றிவிட்டார். முணுமுணுத்தவர்களிடம், “வெளிச்சத்துக்குச் சூரியன் வேணாம்னு வேதமே சொல்லுதுலா” என்றார். வேதத்தின்மேல் அவருக்கு அவ்வளவு பக்தி!

ஒரு மணி நேரத் தூக்கம் போயிற்று. கும்மிருட்டில் மரம் சீவிய ராக்காயி கையை வெட்டிக்கொண்டாள். ஓடி வந்த கங்காணி மரத்தில் பட்ட காயத்தை மட்டும் தடவிப் பார்த்தார்.

சின்னையா பதறிப்போய் அவரிடம் சென்றார். “அண்ணே, இருட்டுக்கு ராத்திரின்னு பேர் வச்சதும் கர்த்தர்தான். ஜனங்க தூங்கட்டும்ணே.”

“சாயங்காலத்துலதான் நாள் ஆரம்பிக்குதுன்னும் வேதத்துல போட்டிருக்கே. சாயங்காலமும் புல்லு வெட்டச் சொல்லட்டா?”

சின்னையா வந்த வழியே திரும்பினார். எனக்கு ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

வழியில் ராக்காயி, கையில் துணிக்கட்டோடு மறித்தாள். “எபிரெயத்தை விடுங்க, உபதேசியாரே. ஆறு நாள் வேலை செஞ்சவரு ஏழாம் நாள் என்ன செஞ்சாரு? அதைச் சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு அதைத்தான் சொன்னார், நல்ல தமிழில். ஏழாம் நாள் கர்த்தரே ஓய்ந்திருந்தார்; வேலைக்காரனுக்கும் அன்று வேலை இல்லை. கங்காணி எழுந்து நின்றார். “அது எபிரெயருக்குச் சொன்னதுலா. தோட்டத்துக்கு இல்ல!”

அதற்கடுத்த ஞாயிறு நாலு மணிப் பெரட்டுக்கு ஒருவரும் வரவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வருவதற்குள் ஆள் வேண்டுமே! உடையப்பன் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ராக்காயி வீட்டு வாசலில் அவர் குரல் இறங்கியே போயிற்று.

“அஞ்சு மணிக்காவது வாங்கலா.”