பயப்படுவதற்கென்று ஓர் ஆள்

ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதை ஒரு காரியம் என்று சொல்லலாமா? செயல் எது, செயலின்மை எது என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர்கள்கூட இந்தக் கேள்வியை அரைப் பக்கத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கே ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடம் அதை மட்டுமே செய்து குடும்பம் நடத்தினார்.

சினிமாக்காரர்கள் அவரைப் ‘பக்கத்து சீட்டு’ என்று கூப்பிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரே காரில் சுற்றும் படங்கள் உண்டல்லவா? ஒருவன் முரடன், சட்டை வெளியே தொங்கும், சிவப்பு விளக்கைப் பார்த்தால் வேகம் கூட்டுவான். இன்னொருவனுக்குச் சட்டம்தான் சாமி. பேண்ட் மடிப்பு கலையக் கூடாது. மேலதிகாரி மேஜையில் குத்தி, “இனிமே நீங்க ரெண்டு பேரும் ஜோடி” என்பார். முதல் பாதி முழுக்கக் கீரியும் பாம்புமாக இருப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒருவனுக்காக மற்றவன் தோளில் குண்டு வாங்குவான். நடுவில் கட்டாயம் ஒரு துரத்தல் வரும். பழக்கடை இல்லாத தெருவில் எந்தத் திருடனும் ஓடியதாகச் சரித்திரம் இல்லை. முரடன் காரை ஆரஞ்சுகள் மேல் ஏற்றி இறக்குவான். ஒழுங்குக்காரன் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு அலறுவான்.

அலறும் முகம் நடிகருடையது. அதை ஸ்டுடியோவில், நிற்கிற காரை நாலு பேர் ஆட்ட, தனியாக எடுத்துக்கொள்வார்கள். நிஜமாக ஓடும் காரில் விக்கும் கறுப்புக் கண்ணாடியுமாகக் குலுங்குகிற இடப்பக்கத் தோள் நம்மவருடையது. டூப்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்தது தற்செயலாகத்தான். உடைப் பிரிவில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நடிகரின் சட்டையை அளவு பார்க்க இவருக்கு மாட்டினார்கள். தோள் அச்சாகப் பொருந்தியது. அன்றைக்கு வரவேண்டிய டூப் வரவில்லை. “ஏறு” என்றார்கள், ஏறினார். கார் ஓட்ட அவருக்கு அன்றும் தெரியாது, பிறகும் தெரியாது.

துணிச்சல்காரர் என்று அவரை யாரும் சொல்லிவிடக் கூடாது. வீட்டைப் பூட்டிய பிறகு கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பவர். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் மனைவி அவருடைய இரண்டு கால்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலாவது மாடி வீட்டுக்கு லிஃப்டில் போக மாட்டார். பஸ்ஸில் கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது என்பதற்காக ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடப்பார்.

“எங்க அப்பா போலீஸ் படத்துல வர்றார்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டேன். எதுலன்னு கேட்டாங்க. பயப்படுற தோள்னு சொன்னேன்” என்பாள் மகள்.

“சும்மா பயம் இல்லம்மா. ஏழு வகை இருக்கு” என்பார் இவர், சோற்றைப் பிசைந்தபடி. ஏழும் நிஜமாகவே இருந்தன. ஒரு கை டேஷ்போர்டில், ஒரு கை கதவுக்கு மேலே இருக்கும் பிடியில் என்பது முதல் வகை. முழங்காலை மடக்கி மார்போடு சேர்ப்பது நாலாவது. ஏழாவதில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கறுப்புக் கண்ணாடிக்குள் அது யாருக்குத் தெரியும் என்று மகள் கேட்டதற்கு, “தோளுக்குத் தெரியும்” என்றார்.

வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர் இவரைவிடப் பத்து வயது மூத்தவர். செட்டில் அவர் பெயர் ‘ஸ்டியரிங்’. படத்தில் முரடனுக்கு டூப்; நேரில் அப்படியே எதிர்ப்பதம். சொந்தக் காரை முப்பதுக்கு மேல் விட மாட்டார். யாரும் இல்லாத தெருவிலும் திரும்புவதற்கு முன் விளக்குப் போடுவார். ஒருநாளில் பேசுகிற வார்த்தைகளை எண்ணிவிடலாம், அவற்றில் பாதி இவரைப் பார்த்து, “வாயை மூடுப்பா.”

ஏனென்றால் நம்மவர் பேசுவார். பயம் வந்தால் பேச்சு வரும். காரில் ஏறினாலே பயம் வரும். கண்ணாடித் தடுப்பை உடைத்துக்கொண்டு கார் பாயும்போது, மாடி வீட்டுக்காரர் துணி காயப்போடும்போது தண்ணீர் சொட்டுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

படத்தில் என்றால் இந்த இருவரும் இரண்டு மணி நேரத்தில் உயிர்த்தோழர்கள் ஆகியிருப்பார்கள். இவர்கள் இருபது வருடமாகியும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. மாறுபட்ட இயல்புகள் ஒன்றையொன்று நிறைவு செய்யும் என்பது கதாசிரியர்கள் ரொம்பச் சுலபமாக நம்பிவிட்ட ஒரு கருத்து. பெரும்பாலும் அவை ஒன்றையொன்று சகித்துக்கொள்ளும். அதுவே பெரிய விஷயம்.

இருபத்தோராவது வருடம் ஓர் ஆச்சரியம் நடந்தது. ஒரு ஷாட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாகவே சொன்னார்: “ஏதாவது பேசிக்கிட்டே வாயேன்.”

“நானா அண்ணே?”

“வேற யாரு இருக்கா? அந்தப் பக்கம் என்னென்ன வருதுன்னு சொல்லிக்கிட்டு வா. பொழுது போகும்.”

அன்று நம்மவர் வீட்டுக்கு வந்தபோது தரையில் கால் படவில்லை. “பாத்தியா? இருபது வருஷம் ஆச்சு மனுஷனுக்கு என் பேச்சோட அருமை புரிய” என்றார் மனைவியிடம்.

“எனக்கு இருபத்தாறு ஆச்சு, இன்னும் புரியல” என்றாள் அவள். “அவரை எதுக்கும் காதுக்கு மருந்து போட்டுக்கச் சொல்லுங்க.”

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு ஷாட்டிலும், கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர்போல வர்ணனை செய்தார். “டிரம் வருது அண்ணே, நீல டிரம்... போச்சு. அந்தா ஒருத்தன் சைக்கிளோட நிக்கிறான். மூஞ்சியப் பாருங்க, எங்க சின்ன மச்சான் மாதிரியே இருக்கான்...” ஸ்டியரிங் ஒரு தடவைகூட வாயை மூடச் சொல்லவில்லை. தனக்கு ஒரு நண்பர் கிடைத்துவிட்டார் என்று இவர் நிச்சயமாக நம்பினார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு தொண்டை கட்டியது. குரல்வளை வீங்கியிருக்கிறது, ஐந்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார் டாக்டர். மனைவி டாக்டருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாள்.

ஊமையாகவே செட்டுக்குப் போனார். சின்ன ஷாட்தான். கார் ஒரு சந்துக்குள் நுழைந்து நிற்க வேண்டும். விக் மாட்டி, காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். ஸ்டியரிங் நேரே பார்த்தபடி கேட்டார்:

“ஏறியாச்சா?”

இவர் தலையாட்டினார்.

“ஏய், ஏறியாச்சான்னு கேக்குறேன்ல.”

பலமாகத் தலையாட்டினார். விக் ஆடியது. பதில் வராததால் ஸ்டியரிங் இடது கையை நீட்டி இருக்கையைத் தடவினார். கை இவர் முழங்காலில் பட்டதும், சரி என்று கியரைப் போட்டார்.

பத்து விநாடி ஷாட். இடப்பக்கக் கண்ணாடி சந்தின் சுவரில் இடித்துத் தெறித்தது. டைரக்டர் குதித்தார்: “பிரமாதம்! அப்படியே வச்சுக்கலாம்!” நம்மவர் அப்போதும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் வகையா, ஏழாவது வகையா என்று சொல்ல முடியவில்லை.

டீ இடைவேளையில் இருவரும் மேக்கப் வேனுக்குப் பின்னால் நின்றார்கள். இவர் ஷாட் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: ‘எந்தக் கண்?’

ஸ்டியரிங் தாளை வலப்பக்கமாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். கொஞ்ச நேரம் டீயைக் குடித்தார். “இடது.”

‘எப்போலேர்ந்து?’

“ஒண்ணரை வருஷம் இருக்கும். நரம்பாம். சரி பண்ண முடியாதுங்குறான்.”

நம்மவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுதினார்: ‘அப்ப என் பேச்சு?’

“பேச்சு என்ன பேச்சு. உன் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா வண்டி எதுவரைக்கும் இருக்குன்னு தெரியும். மீதிய நீயே சொல்லிடுற.”

இவர் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் பக்கத்திலிருந்து பேசியவரின் முகத்தை அந்த மனிதர் ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எது அதிகமாக வலித்தது, கண் போன விஷயமா, தன் மாடி வீட்டுக்காரர் கதைகளுக்கு நேர்ந்த கதியா என்று கேட்டால், நேர்மையான பதில் அவருக்குப் பெருமை சேர்க்காது.

“இந்தப் படம் வரைக்கும்பா” என்றார் ஸ்டியரிங். “சந்தை சீன் ஒண்ணு இருக்கு. அது முடிஞ்சா போதும்.” போன படத்திலும் அவர் மனசுக்குள் இதையே சொல்லிக்கொண்டிருப்பார் என்று இவருக்குத் தோன்றியது.

சந்தை சீன் என்பது அந்தப் படத்தின் பெரிய ஷாட். குறுகிய தெரு, இரண்டு பக்கமும் கடைகள், கடைக்குக் கடை ஆட்கள். கார் எழுபதில் வரும். ஆட்கள் கடைசி நொடியில் தாவி விலக வேண்டும். தெருவின் முடிவில் இடப்பக்கம் ஓர் இரும்புக் கம்பம். அதற்கும் காருக்கும் இடைவெளி ஒரு சாண்.

குரல் திரும்பியதும் மனைவியிடம் சொன்னார். அவள் அன்று கேலி செய்யவில்லை.

“ஸ்டண்ட் மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க.”

“சொன்னா அவரை அன்னிக்கே இறக்கி விட்டுடுவாங்க. அறுபது வயசுக்கு மேல திரும்பி யாரு கூப்பிடுவா? வண்டியைத் தவிர அந்த மனுஷனுக்கு வேற எதுவும் தெரியாது.”

“அப்ப நீங்க ஏறாதீங்க.”

“நான் ஏறலன்னா வேற ஒருத்தன் ஏறுவான். அவனுக்கு விஷயம் தெரியாது. பேசவும் மாட்டான்.”

“ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க. ஒண்ணு சொல்லுங்க, இல்ல ஏறாதீங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க.”

அவர் எழுந்துபோய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

ஷாட்டுக்கு முந்தின நாள் ஸ்டண்ட் மாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். மாஸ்டர் இளைஞர், கெட்டவர் இல்லை. “கண்ணாடி உடைஞ்சதிலேர்ந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா? உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா நான் நம்புறேன்.”

“அவருக்கென்ன மாஸ்டர். நல்லாத்தான் இருக்கார்.”

இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். “மாஸ்டர், ஒரு விஷயம். எனக்கு பயமா இருக்கு.”

“உங்களுக்கா?” மாஸ்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். “இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்பதான் வந்துச்சா?”

“முதல்லேர்ந்தே இருக்கு. இப்பதான் சொல்றேன். என் பக்கத்துல அவ்வளவு ஆளு நின்னா யாராவது ஜன்னல் வழியா மடியில வந்து விழுந்துடுவாங்களோன்னு இருக்கு. இடப்பக்கம் மட்டும் பொம்மைய நிறுத்திடுங்களேன்.”

“யோவ் பக்கத்து சீட்டு, உனக்காக பதினாலு பேரை எடுத்துட்டுத் துணிப்பொம்மை வைக்கணுமா?” என்றார் கயிற்றுக்காரர் ஒருவர். “மடியில தலகாணியும் வைக்கச் சொல்லவா?”

“வச்சா நல்லதுதான்” என்றார் இவர்.

அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் மாஸ்டர் பொம்மைகளை வரவழைத்தார். பயந்தவனை ஏற்றிக்கொண்டு ஷாட் எடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு கேமராக்களைத் தயார் செய்தார்கள். வலப்பக்கம் ஆட்கள், இடப்பக்கம் சட்டை போட்ட பொம்மைகள். நம்மவர் ஏறினார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

“ஏறிட்டேன் அண்ணே” என்றார், கேட்பதற்கு முன்பே.

“ம்.”

கார் கிளம்பியது. “கூடை வருது. கூடை போச்சு. அடுத்து மேஜை, மேஜை மேல தராசு... போச்சு. பொம்மை நாலு, எல்லாத்துக்கும் ஒரே சட்டை. தள்ளுவண்டி அண்ணே, ஒரு முழம் வலது. இன்னும் கொஞ்சம். ஆங், போச்சு. இப்ப நேரா. கம்பம் வருது. கம்பம் அண்ணே. வலது. வலது. கம்பம். கம்பம்!”

ஓர் உரசல் சத்தம்கூட இல்லை. கார் தெருவைத் தாண்டி, அரைவட்டம் அடித்து, மார்க் போட்ட இடத்தில் நின்றது. ஏழு வகைகளில் ஒன்றைக்கூட அவர் செய்திருக்கவில்லை. தோள் அசையாமல், கழுத்தை நீட்டி, முன்னால் பார்த்தபடியே இருந்திருக்கிறார் என்பது பிறகு மானிட்டரில் தெரிந்தது. அதை டைரக்டர் கவனித்து வருத்தப்பட்டார்.

மற்றவர்கள் கை தட்டினார்கள். விசிலடித்தார்கள். வலப்பக்கம் தாவி விழுந்தவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஸ்டியரிங் இறங்கி, காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக அவர் சிரிக்க மாட்டார். அன்று கொஞ்சம் சிரித்தார். மாஸ்டர் வந்து அவர் கையைப் பிடித்தார்: “அண்ணே, அடுத்த மாசம் இன்னொரு படம் வருது. பாலத்து மேல துரத்தல். நீங்கதான் பண்றீங்க.”

நம்மவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு அவர்கள் இருவர் முன்னாலும் வந்து நின்றார்.

“மாஸ்டர், அண்ணனுக்கு இடது கண்ணு தெரியாது. ஒண்ணரை வருஷமா தெரியாது. இனிமே அவருக்கு வண்டி குடுக்காதீங்க.”

மாஸ்டர் பிடித்த கையை விடாமல் ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஸ்டியரிங் தரையைப் பார்த்தார். பிறகு, “ஆமா” என்றார்.

“நேத்து கேட்டேனேய்யா!” மாஸ்டர் நம்மவர் பக்கம் திரும்பினார். “தனியா கூப்பிட்டுக் கேட்டேனே!”

“கேட்டீங்க.”

“நல்லாத்தான் இருக்கார்னு சொன்னியே!”

“சொன்னேன்.”

“அப்ப இப்ப எதுக்குச் சொல்ற? தெரிஞ்சே எதுக்கு ஏறின?”

அவர் விக்கைப் பிடித்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, உடைப் பிரிவுப் பெண்ணின் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் இரண்டாவது தடவையும் கேட்டார். அன்று மாலை மனைவி கேட்டாள். சில வருடங்கள் கழித்து மகளும் கேட்டாள். வாய் ஓயாத மனிதர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஸ்டியரிங் மட்டும் அதை அவரிடம் கேட்கவே இல்லை.