கருவாட்டுத் தட்டில் காய்ந்த பேட்டரி

ரியாத் லேபர் கேம்பில் நான் எலக்ட்ரீசியன். பேட்டரியில் ஓடுகிற எது செத்தாலும் என் கட்டிலில் கொண்டுவந்து போடுவார்கள். என்னமோ நான் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற மாதிரி.

பக்கத்துக் கட்டில் தூத்துக்குடி அண்ணாச்சி. வெல்டர். சிகரெட் இல்லாமல் கண் விழிக்காத மனுஷன். லீவில் வரும்போது அந்த நாற்றம் அடித்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். வெறும் மிரட்டல் இல்லை, போன லீவில் போயே விட்டார். அண்ணாச்சி லீவு முழுக்கத் தானே சோறு பொங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது அடுத்த லீவு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பத்தா கடைத்தெருவில் மின்சார சிகரெட் வந்திறங்கியது. அண்ணாச்சி வாங்கியது வளைந்த பைப். உள்ளே சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி. இழுத்தால் முனையில் சிவப்பு லைட் எரியும், ஆவி வரும். கைலியோடு சாய்ந்து அதை இழுக்கும்போது பழைய சினிமாவின் கொள்ளைக்கூட்டத் தலைவன் மாதிரி இருப்பார். ஆனாலும் சிகரெட்டை விட்டார். பேட்டரிதான் சரியில்லை. நாலு இழுப்பில் செத்தது.

வெள்ளிக்கிழமை புது பேட்டரி வாங்க என்னைப் பத்தாவுக்கு இழுத்துப்போனார். போகிற வழியெல்லாம் சொன்னேன்.

“அண்ணாச்சி, மேல போட்டிருக்க பவர் நம்பரப் பாக்காதீங்க. எவன் வேணா எவ்வளவு வேணா அடிப்பான். கையில எடுத்தா கனமா இருக்கணும். மேல்தோல் கிழியாம இருக்கணும். உள்ள பாதுகாப்பு சர்க்யூட் இருக்கான்னு கேக்கணும். அதுக்குன்னு உள்ள சார்ஜர்லதான் போடணும்.”

“பொண்ணு பாக்கப் போறோமாலே?” என்றார்.

கடைக்காரர் ஹைதராபாத்காரர். எதைத் தொட்டாலும் “ஒரிஜினல் பாய்” என்றார். நோண்டி நோண்டி ஒன்றை எடுத்தேன். சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் நல்ல சரக்கு. வெளியே வந்தால், அண்ணாச்சி கையில் இன்னொன்று. தங்க நிறத்தில் பளபளவென்று, நான் எடுத்ததைப்போலப் பல மடங்கு நம்பரோடு. தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கியிருக்கிறார். தூக்கிப் பார்த்தேன். காலி டப்பா மாதிரி இருந்தது. திட்டினேன். காதில் வாங்கவில்லை.

ரூமுக்கு வந்து நான் எடுத்த பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

“ஏன்?”

“நல்லதுல்லா. ஊருக்குக் கொண்டு போவேன்.”

கல்ஃபில் இருக்கிற எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. நல்ல சோப்பு ஊருக்கு, நல்ல போர்வை ஊருக்கு. இங்கே கிழிந்ததைப் போர்த்திக்கொண்டு கிடப்போம்.

தங்கப் பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதைக் கையில் கிடைத்த சார்ஜரில் எல்லாம் போட்டு வைத்தார். வேலைக்கு ஆகவில்லை. பல்லால் கடித்தார். பிறகு ஊரில் ரேடியோ பேட்டரிக்குச் செய்வதைச் செய்தார்: வெயிலில் காய வைத்தார். ரியாத் ஆகஸ்ட் வெயிலில், மொட்டை மாடியில், கருவாடு காய்ந்துகொண்டிருந்த எவர்சில்வர் தட்டில்.

நாங்கள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே டமால்! ஓடினோம். தட்டு கவிழ்ந்து கிடந்தது. கருவாடு டிஷ் ஆன்டெனாவில் தொங்கியது. கருகிய நாற்றம் மூக்கைப் பிடுங்கியது.

“அறிவிருக்கா அண்ணாச்சி? கல்யாணத்துக்கு வத்தல் போடறீங்களா?” என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏலே, இது என் வாய்க்குள்ளல்லா இருந்துச்சு.”

பைப் குப்பைக்குப் போனது. ஆளைத் தேற்ற யாரோ ஒரு சிகரெட்டை நீட்டி லைட்டரைத் தட்டினான். அண்ணாச்சி ஒரே துள்ளலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். பகல் முழுக்க நெருப்போடு வேலை செய்கிற வெல்டர்! லீவுக்குக் கிளம்புகிற வரை பீடிகூடத் தொடவில்லை.

அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் மனைவி எனக்கு போன் போட்டார். அம்மா வீட்டிலிருந்து இல்லை, தன் வீட்டிலிருந்து.

“தம்பி, நீங்க நல்லாருப்பிய. மனுஷன் சுத்தமா விட்டுட்டாவ. எங்க தம்பி ஒருத்தன் இருக்கான், ஓயாம இழுக்கான். அந்த வெடிச்ச தங்கக் கலர் பேட்டரி மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?”

“அக்கா, நான் பாத்து வாங்கிக் குடுத்தது ஒண்ணு பெட்டியில வந்திருக்குமே?”

“ஆமா, கெடக்கு. அது ஒண்ணத்துக்கும் ஆவல தம்பி. வெயில்ல வச்சும் பாத்துட்டோம்.”