கதவில் ஏழு வெட்டு

நம்பாதவர்களோடு எனக்குச் சண்டையில்லை. திருவொற்றியூர் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கூட்டிப்போய் அந்தக் கதவைக் காட்டுகிறேன். உள்பக்கம் ஏழு வெட்டு. விரலை விட்டே பார்க்கலாம். என் சிநேகிதன் பிராங்கிளினுக்குப் போன வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது இது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் பேய் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்களைத்தான் முதலில் உதைக்க வேண்டும்.

பிராங்கிளின் ராயபுரத்துக்காரன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பழுது பார்க்கும் வேலை. யார்டின் கோடியில் ஒரு பழைய குளிர்பெட்டிக் கன்டெய்னர் கிடந்தது. மெஷினைக் கழற்றி வருஷக்கணக்காகிறது. அதைத்தான் தன் பட்டறையாக்கி வைத்திருந்தான். ஒரு பல்பு, ஒரு மேஜை, அவ்வளவுதான். சுவர் நாலு விரல் கனம். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

அதனால் அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டியை மூடுவதானாலும் முதலில் மூன்று தட்டு தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே ஆள் இருந்தால் இரண்டு தட்டு பதில் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் மூடுவார்கள். இருபது வருஷமாக யாரும் இதில் தப்பு செய்ததில்லை.

அவனுடைய மச்சான் டெரிக் புதுப் படகு வாங்கியிருந்தான். அவசரத்துக்குக் கயிற்றை வெட்டப் படகில் ஒரு கோடாரி வேண்டும். பிராங்கிளின் பழைய இரும்புக் கடை தஹ்சீனிடம் ஒரு கோடாரித் தலையைப் பொறுக்கி எடுத்தான். துரு மொத்தமாக மூடியிருந்தது. உடைந்த காம்பின் துண்டு துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை ஒரு வாளி வினிகரில் ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை காலை பத்தேகால். வாளிக்குள் கையை விட்டான். விரலில் ஏதோ குத்தியது.

ஐஸ். வினிகரின் மேல் மெல்லிசாக ஐஸ் படர்ந்திருந்தது.

மே மாதத்தில்.

அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கையில் வேலை எடுத்தால் முடிக்காமல் வைக்கமாட்டான் நம்ம ஆள். அதாவது, இப்போதெல்லாம் அப்படி. கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்தான். உளியால் பழைய கட்டையைத் தட்டி எடுத்தான். பதினொன்றரைக்குத் துருவுக்கு அடியில் சிவப்புப் பெயின்ட் தெரிந்தது. '2' என்று ஒரு எண்.

கூடவே ஒரு வாடை. ஐஸ் ஃபேக்டரியில் அடிக்குமே, மூக்கை அறுக்கிற மாதிரி, அந்த வாடை. வடசென்னையில் பிறந்தவன் வாடைக்கெல்லாம் எழுந்து ஓடினால் ஒரு வேளைச் சோறு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. மூக்கைத் துடைத்துக்கொண்டு காம்பைச் செதுக்க உட்கார்ந்தான். கப்பலில் சரக்குக்கு முட்டுக் கொடுத்த கட்டை ஒன்று கிடந்தது. நல்ல வைரம் பாய்ந்த மரம். இழைத்து, அரம் போட்டு, கைக்கு வாகாக ஆக்கினான்.

மணி இரண்டு ஐந்து. தலையைக் காம்பில் மாட்டினான். காம்பின் அடியைத் தரையில் குத்தினான். குத்தக் குத்தத் தலை தானாக இறங்கி உட்காரும்.

டங்... டங்... நிறுத்தினான்.

டங். டங். டங்.

அவன் குத்தவில்லை. சுவரில் யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு.

"ஜெயவேலு, உள்ளதான் கீறேன்பா." வாட்ச்மேனுக்குக் குரல் கொடுத்துவிட்டு, சுத்தியலால் இரண்டு தட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே வந்து பார்த்தான். யாருமில்லை. யார்டு வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

இரண்டு பதினெட்டு. மறுபடியும் மூன்று தட்டு. இந்தத் தடவை மேஜைக்குப் பின்னாலிருந்து. அந்தப் பக்கம் கதவே கிடையாது. இரண்டு தட்டினான். 

இரண்டு இருபத்தைந்து. காம்பின் உச்சியில் ஆப்பு பாதி இறங்கியிருந்தது. இப்போது விட்டால் ஆப்பு தளர்ந்துவிடும்.

டங். டங். டங்.

"உனுக்கு வேற வேலயே இல்லியா?" என்று முணுமுணுத்தான். ஆப்பை முழுசாக அடித்து முடித்தான்.

பதில் தட்டவில்லை.

கதவு மூடியது.

தாழ் விழும் சத்தம் கேட்டது. பல்பு அணைந்தது. இருட்டில் மேஜையில் இடித்துக்கொண்டு ஓடினான். கதவைக் குத்தினான், உதைத்தான், ஜெயவேலு என்று தொண்டை கிழியக் கத்தினான். செல்போனில் மணி 2:27. சிக்னல் இல்லை.

2:40. செல்போன் வெளிச்சத்தில் அவன் மூச்சு புகையாக வந்தது.

2:55. விரல்கள் மடங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடுவோம் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெண்டாட்டி எல்சியை நினைத்தான். அழுதான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோடாரி.

மேஜையைத் தடவினான்.

இல்லை.

கதவுப் பக்கம்... யாரோ மூச்சு விட்டார்கள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

"காம்பு... போட்டாச்சா?"

இந்தக் கேள்வி அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் காசிமேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். காம்பு உடைந்த கோடாரியைக் கொடுத்துவிட்டு ஒருத்தர் மூன்று நாள் நடந்தார். மூன்று நாளும் இதே கேள்வி. மூன்று நாளும் இவன் தலையைத் தூக்காமலே "நாளிக்கு" என்றான். கடைசியாக வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அப்புறம் அவர் வரவேயில்லை. விட்டது தொல்லை என்று அதை மூலையில் எறிந்தான்.

"போட்டாச்சு..." நாக்கு குழறியது. "எட்துக்கோண்ணே."

டொக்.

கதவில் விழுந்தது முதல் வெட்டு.

டொக்... டொக்...

களைத்த கையின் வெட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீளமாக ஒரு மூச்சு.

ஏழு எண்ணினான்.

எட்டாவது வரவில்லை.

நாலு முப்பத்தைந்துக்கு ஜெயவேலு அவனைத் தூக்கி உட்கார வைத்தார். "இன்னாபா, இந்த வெயில்ல இப்டி வெட வெடன்னு நடுங்கிகினு கீற?"

"நீதான மூணு வாட்டி தட்டுன? நீதான மூட்ன?"

"நான் காலைலயே எண்ணூருக்குப் போய்ட்டேன். இப்பதான் வரேன். கதவு தொறந்துதான கீது."

திறந்துதான் இருந்தது. எப்போதும்போல் வெளிச்சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. ஆனால் உள்பக்கம் ஏழு வெட்டு. எல்லாம் இடமிருந்து சரிந்து விழுந்தவை, இடதுகைக்காரன் வெட்டினால் விழுவதுபோல. பிராங்கிளின் வலதுகைக்காரன். வாசலை ஒட்டி உள்சுவரில் ஒரு கொக்கி. அதில் கோடாரி மாட்டியிருந்தது. அந்த இடத்தில் கொக்கி அடித்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் தஹ்சீனுக்குப் போன் போட்டான்.

"அது காசிமேட்டுல ஒரு பட்டறய காலி பண்ணப்ப வந்த மாலு. ஏன் நைனா?"

"அதுல செவப்புல ரெண்டுன்னு போட்டுகீது."



"அப்ப அது அந்த மூடுன மீன் கம்பெனியோடது. ரெண்டாம் நம்பர் ஐஸ் ரூமு. உள்ள எவனாவது மாட்டிகினா கதவ ஒடச்சினு வர்றதுக்கு ஒரு கோடாரிய வாசலாண்டயே கொக்கில மாட்டி வெச்சிருப்பாங்க. துரைன்னு ஒருத்தர், இடதுகைக்காரரு, அதுல மாட்டிகினாரு. சனிக்கிழம மத்தியானம், ரெண்டர மணி இருக்கும். தட்டித் தட்டிப் பாத்துருக்காரு. வெளிய ஒருத்தனுக்கும் கேக்கல. கொக்கில கோடாரியும் இல்ல."

"எங்க போச்சு?" என்றான் பிராங்கிளின்.

"அவருதான் காம்பு போட குட்துருந்தாராம். எவனோ ஒருத்தன், நாளிக்கு நாளிக்குன்னு இழுத்துகினே இருந்தானாம்."