சிவப்புச் சாக்பீஸ்காரர் மோவர் வாங்கிய கதை

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு மனிதரை நீங்கள் சந்தித்திருக்க மாட்டீர்கள். சந்தித்திருந்தால் உங்கள் சட்டையிலும் எங்காவது ஒரு சிவப்புப் பெருக்கல் குறி இருந்திருக்கும்.

அத்தான் போல்ட் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். பெட்டி பெட்டியாக வரும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி, சரியாக இருந்தால் பச்சைச் சாக்பீஸால் ஒரு டிக். வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த பச்சைச் சாக்பீஸ், ஓய்வு பெற்ற அன்றும் முனை தேயாமல் சட்டைப்பையில் இருந்தது. சிவப்பை மட்டும் டப்பா டப்பாவாகத் தீர்த்திருக்கிறார். பக்கத்து மேஜைக்காரர் மட்டும் பச்சை போடாமல் இருந்திருந்தால் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு போல்ட்டும் வெளியே போயிருக்காது.

வீட்டிலும் அதே கதைதான். நாற்காலிக் காலில் சிவப்பு, கதவுத் தாழ்ப்பாளில் சிவப்பு. நான் தையல்காரன். அவருக்கு ஆசையாக ஒரு சட்டை தைத்துக் கொண்டுபோனால், காலரைத் தூக்கிப் பார்த்து, "நூலு ஒரு பக்கம் இழுக்குதே மாப்ளே" என்று அதிலும் ஒரு கோடு. அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சாக்பீஸைப் பிடுங்கித் தின்றிருப்பேன். அக்கா முறைத்ததால் பேசாமல் வந்துவிட்டேன்.

ஓய்வு பெற்றதும் ஊருக்கு வெளியே ஒரு எலுமிச்சைத் தோட்டம் வாங்கினார். அதாவது அக்கா வாங்கினாள், அவர் கையெழுத்துப் போட்டார். தோட்டத்தோடு ஒரு சின்ன டிராக்டரும் சேர்ந்தே வந்தது. அப்படி வந்ததால் பிழைத்தோம். அதையும் அவர்தான் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டுமென்றால், இன்றைக்கும் மண்வெட்டியோடு நடந்துகொண்டுதான் இருப்பார்.

மழை வந்தது, புல் வந்தது. முதலில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு பாம்பு சாவகாசமாகப் படுத்திருந்தது. அக்கா போட்ட சத்தத்தில் அது பயந்து ஓடிவிட்டது. அக்காவும் ஓடிவிட்டாள். ஓடியது என் வீட்டுக்கு.

"புல்லு மொத்தமும் வெட்டணும். மறுபடி வளந்தா வெட்டறதுக்குச் சொந்தமா ஒரு மெஷினும் நிக்கணும். அப்புறம்தான் அந்த வாசப்படிய மிதிப்பேன்" என்று பெட்டியை இறக்கி வைத்தாள்.

என் வீடு இரண்டே அறை. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் நாங்கள். அக்கா முன்னறையில் உட்கார்ந்துகொண்டாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடம், "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதும்மா" என்பாள். "போன தடவை தச்சதே இடுப்புல பிடிக்குதுன்னு சொன்னீங்களே, இவன்கிட்டயேவா திரும்பக் குடுக்கறீங்க?" என்று இன்னொருவரிடம். பகலெல்லாம் இப்படி என் வயிற்றில் அடித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மனுஷன் சாப்பிட்டாரோ என்னவோ" என்பாள். என் மனைவி என்னைப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன். அக்கா வீடு போய்ச் சேராவிட்டால் என் கடையும் போகும், குடும்பமும் போகும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நேரே தோட்டத்துக்குப் போனேன். "அத்தான், நாலு ஆளை விட்டு அரிவாளால அறுத்துத் தள்ளிடலாம். மெஷினை மெதுவா வாங்கிக்கலாம்."

"அறுத்துட்டா?" என்றார் அத்தான், கேட்கக் கூடாததைக் கேட்டவர் போல. "அப்புறம் மெஷினை எதுல சோதிக்கறது?"



சின்ன டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் ஃப்ளெய்ல் மோவர்தான் தோதுப்படும் என்று மட்டும் அவர் முடிவு செய்திருந்தார். ஒரு உருளை, அதில் வரிசையாகத் தொங்கும் சின்னச் சின்னக் கத்திகள், மேலே ஒரு இரும்பு மூடி. டிராக்டர் உருளையைச் சுழற்றினால் கத்திகள் விரிந்து புல்லை அடித்துத் தூளாக்கும். கல் பட்டால் கத்தி மடங்கிக்கொள்ளும், உடையாது. இதையெல்லாம் அவர் எனக்கு வகுப்பெடுத்தபோது, சரி, பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தேன். மீதிப் பாதி இருக்கிறதே, அதுதான் ஆழம்.

மூன்று கடைக்காரர்களை மாறி மாறி வரவழைத்தார். "சும்மா வாயால சொல்லாதீங்க. என் டிராக்டர்ல மாட்டி, என் புல்லுல ஓட்டிக் காட்டுங்க."

முதலில் வந்தவர் கறுப்புக் கண்ணாடிக்காரர். அவர் கொண்டுவந்த மோவர் நல்ல கனம். கத்தி ஒவ்வொன்றும் சுத்தியல் மாதிரி. "சார், இது புதரையே முழுங்கிடும்" என்றார். டிராக்டரின் பின்னால் இருக்கும் தூக்குக் கைகள் அதைத் தூக்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே யோசித்தார். பிறகு கீழே இறங்கி மோவரின் மூடியில் ஒரு சிவப்புக் குறி போட்டார். "முன்னாடி எடை கட்டிக்கலாம் சார்!" என்றார் அவர். "அப்ப எடை கட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார் அத்தான்.

இரண்டாவது மீசைக்காரர். அவருடைய மோவர் இலகுவானது, வெட்டு சுத்தமாக விழுந்தது. ஆனால் டிராக்டரின் அகலத்தைவிட மோவர் குறுகல். ஓரச் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் படுத்துக் கிடந்து, மோவர் தாண்டிப் போனதும் எழுந்து நின்றது. அத்தான் மண்டியிட்டு, அடிக்கட்டை உயரத்தை ஸ்கேலால் அளந்தார். தூள் எவ்வளவு பொடியாக விழுகிறது என்று பார்க்க அக்காவின் புதுப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து விரித்தார். கத்திகளைக் கழற்றச் சொல்லி, ஒன்றுக்கொன்று எடை சமமா என்று சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். அதற்கும் ஒரு சிவப்பு. "அகலமான மாடல் இருக்குங்க" என்றார் மீசைக்காரர். "கொண்டாங்க, பார்க்கலாம்."

மூன்றாவது ஒரு கடைக்காரம்மா. கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அவரே வண்டி ஓட்டி வந்தார். அவருடைய மோவரைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். டிராக்டர் வெளியே போக, மோவர் மட்டும் மரத்துக்கடியில் புகுந்து வெட்டும். எலுமிச்சைக்கு அதுதான் வசதி. ஆனால் போட்ட சத்தம் இருக்கிறதே, பக்கத்துத் தோட்டத்து நாய் அன்றைக்கு வீட்டை விட்டுப் போனது, ராத்திரிதான் திரும்பியது. அத்தான் சிவப்பை எடுத்தார். "போடுங்க சார், போடுங்க. பெயின்ட் அடிச்சுக்கறேன்" என்றார் அந்தம்மா.

எடை கட்டி ஒருவர் வந்தார், அகல மாடலோடு ஒருவர் வந்தார், மூடிக்குள் ரப்பர் ஒட்டிக்கொண்டு அந்தம்மா வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு கீற்றுப் புல் வெட்டுப்பட்டது. இப்படியே சோதித்துச் சோதித்துத் தோட்டம் கிட்டத்தட்ட முழுக்க வெட்டியாகிவிட்டது. அத்தான் இன்னும் எதையும் வாங்கவில்லை.

ஊரில், "ஓசியிலயே மொட்டையடிச்சுட்டான்யா, கில்லாடி!" என்று பேசிக்கொண்டார்கள். பாவம், அந்த மனிதருக்குக் கில்லாடித்தனம் ஏழு தலைமுறைக்கும் கிடையாது. புல் தீர்ந்துபோனதில் உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தார். ஒரே ஒரு துண்டு நிலம்தான் பாக்கி. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, இறுதிச் சோதனைக்கென்று ஒதுக்கிவைத்தார். வெயிலில் காய்ந்துவிடக் கூடாதென்று தினமும் தண்ணீர் ஊற்றினார். உரமும் போட்டார். பால்காரரின் ஆடு வந்து வாய் வைத்தபோது, குச்சியை எடுத்துக்கொண்டு அதைச் சாலை வரை துரத்தியிருக்கிறார்.

இதைக் கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று கடைக்காரர்களுக்கும் நானே போன் செய்து, ஒரே நாளில் வரச் சொன்னேன். அக்காவிடம், "கிளம்பு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்" என்றேன். என் மனைவி நான் சொல்லாமலேயே பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தாள்.

நாங்கள் போய் இறங்கியபோது அத்தான் பூவாளியோடு புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது ஆள் உயரம் இருந்தது. அது எந்த இடம் என்று அப்போதுதான் பார்த்தேன். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே!

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "ஏங்க, என் ரோஜாச் செடி எங்க?"

"அது... காஞ்சு போச்சும்மா."

"ரோஜா காஞ்சு போச்சு. பாம்பு வந்த இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வளத்து வச்சிருக்கீங்க. அதுக்குத் தொட்டில் கட்டலையா?"

"அங்கதாம்மா புல்லு ஒரே சீரா இருந்துச்சு" என்றார் அத்தான்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். அக்கா திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மூணு பேரும் வந்து நிக்கறாங்க. ஏதாவது ஒண்ண வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே? அப்படி என்னதான் பார்க்கறீங்க?"

அத்தான் பூவாளியைக் கீழே வைத்தார். பேசவே மாட்டார் என்று நினைத்தேன். பேசினார்.

"ஒண்ண வாங்கிட்டேன்னு வை. நீ வருவே. அது நாளைக்கே மக்கர் பண்ணும். நீ மறுபடி பெட்டியத் தூக்குவே. வாங்காத வரைக்கும், நீ வரப்போறேன்னு நினைச்சுக்கிட்டாவது இருக்கலாம். எந்த மெஷினை வாங்கினா நீ திரும்பிப் போகமாட்டேன்னு இவங்க யாருக்கும் சொல்லத் தெரியல. நானும் எவ்வளவோ கேட்டுப் பார்த்துட்டேன்."

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

 இத்தனை நாளாக இந்த மனுஷனை என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் இறங்கிவரவில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"சரி. நான் சோதிக்கறேன்" என்றாள். "எனக்கு அகலமும் வேணாம், எடையும் வேணாம். நான் ஜன்னல்ல நின்னு சாப்பிடக் கூப்பிடுவேன். மெஷின் ஓடறப்ப உங்களுக்கு அது கேட்கணும். எதுல கேட்குதோ அதுதான் நம்ம மெஷின்."

மூன்று கடைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சோதனையை அவர்கள் தொழிலில் யாரும் கேட்டதில்லை. அந்தத் துண்டுப் புல்லை அத்தான் மூன்றாகப் பிரித்துக் கயிறு போட்டார். நானும் அக்காவும் சமையலறைக்குள் போய் ஜன்னலருகில் நின்றோம்.

முதலில் கறுப்புக் கண்ணாடிக்காரரின் மோவர். முன்னால் எடைக்கல் கட்டியிருந்ததால் டிராக்டர் அடக்கமாக நின்றது. அத்தான் வழக்கம்போல் கழுத்தைப் பின்னால் திருப்பி, வெட்டு விழுகிற கோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "ஏங்க! சாப்பிட வாங்க!" என்றாள் அக்கா. அவர் திரும்பவில்லை.

அடுத்தது மீசைக்காரருடையது. இருப்பதிலேயே சத்தம் குறைவு. இதில் கேட்டுவிடும் என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அத்தான் பின்னால் தரையைப் பார்த்தபடி போய்க்கொண்டே இருந்தார். நூல் பிடித்த மாதிரி நேரான கோடு. போச்சு, என் கடை போச்சு என்று நினைத்தேன். அக்காவின் முகம் சுண்டிப்போயிருந்தது. அத்தான் இறங்கி ஜன்னலைப் பார்த்தார், அந்த முகத்தைப் பார்த்தார்.

மூன்றாவது மோவரை மாட்டினார்கள். உருளை சுற்ற ஆரம்பித்ததும் அலமாரியில் தம்ளர்கள் நடுங்கின. நான் காதைப் பொத்திக்கொண்டேன். இதில் கூப்பிட்டால் எனக்கே கேட்காது, பக்கத்தில்தான் நிற்கிறேன்.

அத்தான் வண்டியை நகர்த்தினார். இந்தத் தடவை பின்னால் திரும்பவே இல்லை. கண் இந்த ஜன்னலை விட்டு அசையவில்லை. வாழ்க்கையில் ஒரு கோணல் போல்ட்டை விடாத மனிதர், டிராக்டரைக் கண்டபடி கோணலாக ஓட்டிக்கொண்டு வந்தார். கயிறு அறுந்தது. இங்கொரு கொத்து அங்கொரு கொத்தாகப் புல் தப்பித்து நின்றது. அக்கா கூப்பிடுவதற்காக மூச்சை இழுத்தாள். இழுத்தாள், அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

டிராக்டர் நின்றது. மோவர் அடங்கியது.

"தோ வந்துட்டேம்மா!" என்றார் அத்தான்.

அக்கா இழுத்த மூச்சைக் கொஞ்ச நேரம் விடவே இல்லை. பிறகு விட்டாள். "கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

அவர் இறங்கிச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். சிவப்பு முதலில் கையில் வந்தது, அதை உள்ளே போட்டார். பச்சை வந்தது. மோவரின் மூடியில் டிக் போட்டபோது அதுவும் கோணலாகத்தான் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

நான் வெளியே ஓடினேன். கடைக்காரம்மா மோவரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உண்மையச் சொல்லிடறேன், பின்னாடி பேச்சு வரக் கூடாது. மூணுல எங்க மெஷின்தான் சத்தம் அதிகம். காதுகிட்ட வந்து வெடி வச்சாலும் கேட்காது. அவருக்கு எப்படி..."

"அக்கா," என்றேன் அந்தம்மாவிடம், "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வாயத் திறக்காம பில்லைப் போடுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பில் போட்டார். நான் வண்டியிலிருந்து அக்காவின் பெட்டியை இறக்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தேன். சமையலறையில் அக்கா தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.