புதுக் கார்டு வேண்டாம், லிமிட் மட்டும் போதும்

சென்ற ஆண்டு பள்ளிக் கலைவிழாக்கள் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, திருவனந்தபுரத்தில் நடந்தது இது. பழவங்காடிக்குப் பக்கத்தில் நடன உடைகளைத் தைத்து வாடகைக்குக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். அந்த முறை மூன்று பள்ளிகள் ஒரே நேரத்தில் குழு நடனத்துக்குப் புது உடைகள் கேட்டன. இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை.

முதல் செட்டைப் பிள்ளைகள் போட்டுப் பார்த்த பிறகுதான் பள்ளியில் அட்வான்ஸ் தருவார்கள். அதுவரை துணிக்கு நான்தான் வழி பார்க்க வேண்டும். என் கிரெடிட் கார்டின் லிமிட்டோ பாதித் துணிக்குக்கூடக் காணாது.

கூடவே இன்னொரு பயமும் இருந்தது. நானும் கணவரும் சேர்ந்து வேறொரு வங்கியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். பணம் கொடுக்கும் முன் எங்கள் கிரெடிட் ஸ்கோரை மறுபடி பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஸ்கோர் இறங்கினால் வட்டி ஏறும், கடனே கிடைக்காமலும் போகலாம்.

என் தங்கை ஒருமுறை ஸ்கூட்டர் வாங்க, கண்ணில் பட்ட ஆப்களில் எல்லாம் ஒரே வாரத்தில் கடன் கேட்டாள். ஒவ்வொரு விண்ணப்பமும் அவள் பெயரில் பதிவானது. பணத்துக்குத் தவிக்கிறவள் என்று எண்ணி எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். அவளோடு வங்கி வங்கியாக ஏறி இறங்கியதில் இந்த ஸ்கோர் சமாச்சாரம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

கணவர் கழக்கூட்டத்தில் ஓர் உணவகத்தில் சூப்பர்வைசர். அவர் அரை நாள் லீவு போட்டு வர, இருவரும் எனக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு ஒரு விண்ணப்பத்தை எடுத்து வைத்தார்.

"இது புதிய கார்டு சேச்சி. நல்ல லிமிட் கிட்டும். இங்கே ஒரு ஒப்பு போட்டா மதி" என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

"புதுக் கார்டு வேண்டாம் சார். இருக்கிற கார்டிலேயே லிமிட்டைக் கூட்டித் தாங்க. அதுக்கு என் கிரெடிட் ரிப்போர்ட்டை வெளியில இருந்து எடுப்பீங்களா, உங்ககிட்ட இருக்கிற கணக்கை மட்டும் பாப்பீங்களா?"

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான் சேச்சி."

கணவர் என் முழங்கையைத் தொட்டார். "விடேன். சாரு தெரியாமலா சொல்லுவாரு? ஒப்பு போட்டுட்டுப் போவோம்."

எனக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் படித்தது பிளஸ் டூ வரைக்கும்தான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு இல்ல சார். புதுக் கார்டுன்னா என் பேர்ல ஒரு என்கொயரி விழும், ஸ்கோர் இறங்கும். எங்க வீட்டு லோன் இன்னும் கைக்கு வரல. ஒரு பில்லும் நான் தவறவிட்டதில்ல. வரி கட்டின கணக்கும் கொண்டு வந்திருக்கேன். உங்களுக்கு மேல இருக்கிறவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்."

அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் போனை எடுத்தார். மலையாளத்தில் நீண்ட நேரம் பேசினார். என் வருமானக் கணக்கைப் புரட்டிப் புரட்டி எண்களைச் சொன்னார். போனை வைத்தபோது குரல் மாறியிருந்தது.

"சேச்சி பறஞ்சது சரியாணு. நீங்க சம்மதம் தந்தா இந்தக் கார்டிலேயே கூட்டலாம். எங்க கணக்கை மட்டும் பார்த்தா போதும், என்கொயரி விழாது." பிறகு கொஞ்சம் தயங்கி, "புதுக் கார்டு போடணும்னு எங்களுக்கு மாசாமாசம் டார்கெட் இருக்கு சேச்சி, அதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த வாரத்திலேயே லிமிட் கூடியதாகச் செய்தி வந்தது. நான் கேட்ட அளவு இல்லை. ஆனால் முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு. வேலையை இரண்டாகப் பிரித்தேன். முதலில் ஒரு பள்ளிக்கு மட்டும் துணி. ஆரியசாலையில் மொத்தக் கடைக்காரர் துணியை அளந்து போட்டுவிட்டு, "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா, பில் பெருசா இருக்கு" என்றார். "கார்டு என்னோடது அண்ணாச்சி, கடையும் என்னோடதுதான்" என்று மெஷினில் நம்பரை அழுத்தினேன்.

அந்தப் பள்ளியின் அட்வான்ஸ் வந்ததும், மாத பில் போடும் நாளுக்கு முன்பே பெரும்பகுதியைக் கார்டில் கட்டிவிட்டேன். பில் சிறிதாக வந்தால்தான், லிமிட் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு வாழ்கிறவள் என்று ஸ்கோரில் தெரியாது. பிறகு அடுத்த பள்ளிக்கான துணி, அதற்கடுத்து மூன்றாவது. தையல் மெஷின்கள் ஓயவே இல்லை.

கலைவிழா அன்று பந்தலின் ஓரத்தில் நின்று பார்த்தேன். என் கடை உடையில் ஒரு குழு இறங்கி, இன்னொரு குழு மேடை ஏறியது. பச்சைப் பட்டும் பொன் கரையும் விளக்கு வெளிச்சத்தில் சுழன்றபோது, பரிசு யாருக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக் கடன், முதலில் சொன்ன அதே வட்டியில் கிடைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போது கணவர், "அன்னைக்கு அந்த பேங்க்ல ஒப்பு போட வச்சு நான் உன்னை எழுப்பிக் கூட்டிட்டு வந்திருந்தா?" என்றார். "நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் மெத்தப் படித்தவள் இல்லை. ஆனால் என் பெயரில் எழுதப்படும் கணக்கைப் பற்றிக் கேட்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்; அதற்குப் பிறகு எந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் என் குரல் நடுங்குவதில்லை.